மருந்து வடிவமைப்பும் வேதியியல் வியாபாரமும்: சுங்கை சிப்புட் அண்ணன் ஒருவருக்குப் பதில்

அண்ணே, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மகள் எஸ்.டி.பி.எம்., அதாவது மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்திய தேர்வை, முடித்துவிட்டாள், வேதியியலில் நல்ல தேர்ச்சி. ஃபார்மசி கிடைக்கவில்லை. அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேதியியல் பட்டப்படிப்புக்கு இடம் வந்திருக்கிறது. இன்னொரு பக்கம், தனியார் பல்கலைக்கழகம் ஒன்று மருந்து வடிவமைப்பும் வேதியியல் வணிகமும் சேர்ந்த படிப்பு என்று வண்ணப் புத்தகம் கொடுத்து அழைக்கிறது. நீங்கள் செம்பனை ஆலைக்கு லாரி ஓட்டுகிறீர்கள். "மருந்தை வடிவமைக்கிறதுன்னா படம் வரையிற வேலையா? அதுல வியாபாரம் எங்கேருந்து வந்துச்சு? இதைப் படிச்சா யாரு வேலை குடுப்பா?" என்று கேட்டிருந்தீர்கள்.

நானும் தோட்டத்தில் வளர்ந்தவள்தான். வேதியியல் படித்து, மருந்துத் தொழிற்சாலையில் பதினைந்து வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் படம் வரைகிற விஷயம். உங்கள் வீட்டு மேசை மேலேயே அதற்கு உதாரணம் கிடக்கும். கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதார நிலையத்தில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டிவிட்டு, பிளாஸ்டிக் பையில் மாதக்கணக்குக்கு வாங்கி வருகிற இரத்த அழுத்த மாத்திரைகளில் பெரிண்டோப்ரில் இருக்கிறதா பாருங்கள். நம் தோட்டங்களில் ஐம்பதைத் தாண்டிய ஆட்களில் பலர் அதைச் சாப்பிடுகிறார்கள். அந்த மாத்திரையின் கொள்ளுப்பாட்டி ஒரு பாம்பு.

பிரேசிலில் ஜரராகா என்று ஒரு விரியன் உண்டு. அது கடித்தால் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். 1960களில் செர்ஜியோ ஃபெரேரா என்ற பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர் அந்த விஷத்தில் இருந்த சிறு புரதத் துணுக்குகளைப் பிரித்தெடுத்தார். நம் உடலில் இரத்த அழுத்தத்தை ஏற்றும் ஏ.சி.இ. என்ற நொதியை அவை பிடித்துக் கட்டிப்போடுவது தெரிய வந்தது. ஆனால் அதை மாத்திரையாக விழுங்க முடியாது. வயிற்றுக்குப் போனால் இறைச்சியைச் செரிப்பது போலச் செரித்துவிடும்.

ஸ்குவிப் நிறுவனத்தில் குஷ்மன், ஒன்டெட்டி என்ற இருவர் இதை எடுத்துக்கொண்டார்கள். அந்த நொதியின் உருவத்தை அப்போது யாரும் பார்த்ததில்லை. அதே சாயலில் வேலை செய்யும் இன்னொரு செரிமான நொதியின் உருவம் மட்டும் தெரிந்திருந்தது. அதன் நடுவில் ஒரு துத்தநாக அணு இருக்கிறது. இதற்குள்ளும் இருக்கும் என்று ஊகித்தார்கள். துத்தநாகத்தைக் கவ்விப் பிடிக்கக் கந்தகம் தோதானது. ஆகவே பாம்பு விஷத்தின் வாலைப் போன்ற ஒரு சின்ன மூலக்கூறு, அதன் முனையில் ஒரு கந்தகம். அதுதான் காப்டோப்ரில், 1981இல் விற்பனைக்கு வந்தது. மனித ஏ.சி.இ.யின் உருவத்தை எக்ஸ்ரே மூலம் பார்த்ததெல்லாம் 2003இல்தான். பூட்டைப் பார்க்காமலே சாவி செய்திருக்கிறார்கள்.

கதை அதோடு முடியவில்லை. காப்டோப்ரில் சாப்பிட்ட சிலருக்கு உடம்பில் தடிப்பு வந்தது, நாக்கில் ருசி செத்துப்போனது. பழி அந்தக் கந்தகத்தின் மேல் விழுந்தது. சரி, கந்தகத்தை எடுத்துவிட்டு வேறொரு அமில முனையை வைத்தார்கள். அது நொதியை நன்றாகப் பிடித்தது, ஆனால் குடல் வழியாக உள்ளே போக மறுத்தது. அப்புறம் அந்த முனைக்கு ஒரு சட்டை போட்டு அனுப்பினார்கள். உள்ளே போனதும் உடம்பே அந்தச் சட்டையைக் கழற்றிவிடும். எனலாப்ரில் அப்படி வந்தது, பெரிண்டோப்ரிலும் அந்த வழிதான். காப்டோப்ரிலை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை சாப்பிட வேண்டும், பெரிண்டோப்ரில் ஒரு வேளை போதும். வறட்டு இருமல் மட்டும் இன்னும் சிலரை விடவில்லை.

மருந்து வடிவமைப்பு என்றால் இதுதான், அண்ணே. ஒரு அணுவை மாற்றுவது, என்ன கெட்டது என்று பார்ப்பது, மறுபடி மாற்றுவது. கம்ப்யூட்டரில் படம் வரைவது அதில் ஒரு துண்டு. உங்கள் மகள் மூன்று வருடமும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மருந்து கண்டுபிடிப்பாள் என்று அந்த வண்ணப் புத்தகம் காட்டினால், படத்தை ரசித்துவிட்டு மூடிவிடுங்கள்.

வியாபாரம் எங்கிருந்து வந்தது என்பது இரண்டாவது கேள்வி. எங்கள் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், வெட்டி முடித்து, மரத்து மங்குகளில் (கிண்ணங்களில்) சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் தோளில் தூக்கி ஸ்டோருக்கு வருவார். அங்கே கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், பாலை நிறுத்துவிட்டு அதோடு விடமாட்டார். கொஞ்சம் பாலை எடுத்து, அளவாகத் தண்ணீர் கலந்து, உயரமான சாடியில் ஊற்றி மெட்ரோலாக் என்ற அளவுகோலை மிதக்கவிடுவார். ரப்பர் தண்ணீரைவிட இலேசு. அதனால் கெட்டியான பாலில் அந்தக் கோல் ஆழமாக இறங்கும், தண்ணிப் பாலில் மேலே நிற்கும். செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் ஏறுவது அந்தக் கோல் காட்டிய காய்ந்த ரப்பர் கணக்குதான். மழை பெய்த நாளில் வாளி நிறைய இருக்கும், கணக்கில் கையளவுதான் வரும். அம்மாவுக்கு வேதியியல் என்ற சொல் தெரியாது. ஆனால் கிராணி கோலைப் படிக்கும்போது குனிந்து பார்க்காமல் நகரமாட்டார். இன்றைக்கு நீங்கள் ஏற்றிப்போகும் செம்பனைக் குலையையும் ஆலையில் தரம் பிரித்து, எவ்வளவு எண்ணெய் தேறும் என்று பார்த்துத்தானே விலை போடுகிறார்கள்? படிப்பின் பெயரில் இருக்கும் வணிகம் அதே ஸ்டோர்க் கணக்குதான், பெரிய அளவில்.

பல்கலைக்கழகத்தில் எனக்கு அது உறைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. இரண்டாம் வருடம், ஆய்வகத்தில் பாராசிட்டமால் செய்தோம். 2.18 கிராம் பாரா-அமினோஃபீனாலை எடுத்து, அசிட்டிக் அன்ஹைட்ரைடு சேர்த்துச் சூடாக்கி, ஐஸில் வைத்தால் வெள்ளைப் பொடியாகப் படியும். வடிகட்டி, கழுவி, உலர்த்தி நிறுத்தேன். கணக்குப்படி 3.02 கிராம் வர வேண்டும். எனக்கு 1.87 வந்தது, 62 விழுக்காடு. பக்கத்து மேசைப் பையனுக்கு 50கூட வரவில்லை, அதனால் எனக்குப் பெருமை தாங்கவில்லை. விரிவுரையாளர் வந்து பார்த்துவிட்டு, "இது எத்தனை மாத்திரை?" என்று கேட்டார். கடையில் விற்பது 500 மில்லிகிராம் மாத்திரை. நாலு மாத்திரைக்குக்கூட வரவில்லை. "ஒரு மத்தியானம், ஒரு ஆள், இவ்வளவு ஐஸ், இவ்வளவு கரண்டு. இந்த நாலு மாத்திரையை நீ என்ன விலைக்கு விற்பாய்?" என்றார். சந்தையில் பாராசிட்டமால் பொடி கிலோ சில அமெரிக்க டாலருக்குக் கிடைக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை.

பாராசிட்டமாலாவது ஒரே படி வேலை. எட்டுப் படி உள்ள மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் 80 விழுக்காடு தேறுகிறது என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எட்டையும் பெருக்கினால் கடைசியில் கையில் நிற்பது 17 விழுக்காடு. ஒவ்வொரு படியையும் 90க்கு உயர்த்தினால் 43. ஒரு தொழிற்சாலை பிழைப்பதும் மூடுவதும் இந்தப் பெருக்கலில் இருக்கிறது. எந்தக் கரைப்பானைத் திரும்ப வடித்து எடுக்கலாம், எந்தப் படியைத் தூக்கிவிடலாம் என்று யோசிக்க வேதியியல் தெரிய வேண்டும். வெறும் வணிகம் படித்தவரால் அது முடியாது. இதனால்தான் சொல்கிறேன், இந்தப் படிப்பில் வேதியியல் பாதி வணிகம் பாதி என்று பிரித்துப் பார்க்காதீர்கள்.

நம் நாட்டுக் கதை ஒன்றும் உண்டு. 1987இல் சரவாக்கின் லுண்டு பக்கம் ஒரு பிந்தாங்கோர் மரத்திலிருந்து இலையும் குச்சியும் எடுத்து அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்கு அனுப்பினார்கள். நம் ஊர்ப் புன்னையும் அதுவும் ஒரே பேரினம். அந்தச் சாறு எச்.ஐ.வி. கிருமியைத் தடுத்தது. திரும்பிப் போய்ப் பார்த்தால் அந்த மரத்தை வெட்டியிருந்தார்கள்! பக்கத்திலிருந்த மற்ற மரங்களின் சாறு அதே போல வேலை செய்யவில்லை. பிறகு அந்த மூலக்கூறை, கலனோலைடு ஏ என்று பெயர், ஆய்வகத்திலேயே செய்யும் வழியைக் கண்டார்கள். அதன் பங்காளி மூலக்கூறு ஒன்று இன்னொரு வகைப் பிந்தாங்கோரின் பாலில் கிடைத்தது. மரத்தைச் சாய்க்காமல் பால் வெட்டியே எடுக்கலாம். நமக்குத் தெரிந்த வேலை. 1996இல் சரவாக் அரசும் ஓர் அமெரிக்க நிறுவனமும் கூட்டு நிறுவனம் தொடங்கின. மனிதர்களிடம் ஆரம்பக்கட்டச் சோதனை வரைக்கும் போனது. கடைக்கு மருந்தாக வரவில்லை. மனிதச் சோதனைக்குள் நுழையும் மருந்துகளில் கடைசிவரை தேறுவது ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான்.

தேறிய கதையும் இருக்கிறது. ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரை 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பன்னிரண்டு வார மருந்துக்கு விலை 84,000 டாலர், மாத்திரை ஒன்று ஆயிரம் டாலர். செய்கிற செலவு அவ்வளவு இல்லை. அது காப்புரிமையின் விலை. காப்புரிமை என்பது விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடத்துக்கு வேறு யாரும் செய்து விற்கக்கூடாது என்ற உரிமை. 2017இல் மலேசிய அரசு 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் கீழ் அரசுப் பயன்பாட்டு உரிமையை எடுத்து, அரசு மருத்துவமனைகளுக்கு அந்த மருந்தின் மலிவான வடிவத்தை வரவழைத்தது. கூடவே ரவிடாஸ்விர் என்ற இன்னொரு மருந்தை, லாப நோக்கமில்லாத டி.என்.டி.ஐ. அமைப்போடும் எகிப்து நிறுவனம் ஒன்றோடும் சேர்ந்து மலேசியாவிலும் தாய்லாந்திலும் சோதித்தார்கள். முதல் சோதனையில் 97 விழுக்காட்டினர் குணமானார்கள். 2021 ஜூனில் இங்கே நிபந்தனையோடு பதிவானது. அந்தக் கோப்பில் வேலை செய்தவர்களில் மூலக்கூறு படிக்கத் தெரிந்தவர்கள், சட்டம் படிக்கத் தெரிந்தவர்கள், விலை போடத் தெரிந்தவர்கள் எல்லோரும் இருந்திருப்பார்கள். இரண்டைப் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு மேசையில் எப்போதும் இடம் உண்டு.

இப்போது வேலை. இதில் கசப்பைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். புதிய மூலக்கூறை வடிவமைக்கும் வேலை மலேசியாவில் மிகக் குறைவு. பல்கலைக்கழக ஆய்வகங்களில் இருக்கிறது, அதற்கு முதுகலையும் பிஎச்.டி.யும் வேண்டும், ஒருவேளை வெளிநாடும் போக வேண்டிவரும். இங்கே இருக்கும் தொழிற்சாலைகள் பெரும்பாலும் காப்புரிமை முடிந்த மருந்துகளைச் செய்பவை. உங்களுக்குப் பக்கத்திலேயே செம்மோரில், ஹோ யான் ஹோர் மூலிகைத் தேநீரில் வேர்விட்ட ஹோவிட் இருக்கிறது. கிள்ளானில் டுவோஃபார்மா, ஜொகூரில் பயோக்கோனின் இன்சுலின் ஆலை. இங்கெல்லாம் வேதியியல் படித்தவர்களுக்கு மூன்று வாசல்: தரக் கட்டுப்பாடு, மாத்திரை உருவாக்கம், பதிவு. விற்பனை நான்காவது; வாய் இருந்தால் சம்பளம் அதில்தான் சீக்கிரம் ஏறும்.

தரக் கட்டுப்பாடு என்றால் என்ன என்று கேட்பீர்கள். பாராசிட்டமால் மாத்திரையை 37 பாகை சூட்டில் 900 மில்லிலிட்டர் கரைசலில் போடுவோம். உள்ளே ஒரு துடுப்பு நிமிடத்துக்கு 50 சுற்றுச் சுற்றும். 30 நிமிடத்தில் எவ்வளவு கரைந்தது என்று அளப்போம். ஆறு குடுவை, ஆறு மாத்திரை. நாள் முழுக்க, சில சமயம் இரவு முழுக்க.

மாத்திரை உருவாக்கப் பிரிவில் நான் சேர்ந்த புதிதில் ஒரு தொகுதியைக் கெடுத்தேன். மாத்திரை எந்திரத்தில் ஒட்டாமலிருக்க மெக்னீசியம் ஸ்டியரேட் என்று ஒரு வழுக்குப் பொடியைக் கடைசியில் சேர்ப்பார்கள். நாங்கள் வாங்கியது செம்பனை எண்ணெயிலிருந்து பிரித்த ஸ்டியரிக் அமிலத்தில் செய்தது. உங்கள் லாரியில் போன குலை அப்படியும் மாத்திரைக்குள் வருகிறது. அதை மூன்று நிமிடம் கலக்கச் சொல்லியிருந்தார்கள். நன்றாகக் கலக்கட்டுமே என்று நான் பதினைந்து நிமிடம் ஓடவிட்டேன். கொழுப்புப் பொடி ஒவ்வொரு துகளையும் மழைக்கோட்டு போலப் போர்த்திக்கொண்டது. மாத்திரை பார்க்க அழகாக இருந்தது, தண்ணீரில் கரைய மறுத்தது. தொகுதி முழுவதும் அழிப்புக்குப் போனது. எவ்வளவு நஷ்டம் என்று மேலாளர் வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினார், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மூன்றாவது வாசல், பதிவு. இதில்தான் மருந்தும் வியாபாரமும் சட்டமும் ஒரே கோப்பில் சேரும். நான் இப்போது இருப்பதும் இங்கேதான். வீட்டில் இருக்கும் மருந்துப் பெட்டியைத் திருப்பினால் மால் (MAL) என்று தொடங்கி எட்டு எண், கடைசியில் ஓர் எழுத்து இருக்கும். ஏ என்றால் கட்டுப்பாடுள்ள மருந்து, எக்ஸ் என்றால் சாதாரணமாகக் கடையில் வாங்கலாம், டி (T) என்றால் பாரம்பரிய மருந்து. அந்த எண்ணை வாங்க பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்.பி.ஆர்.ஏ.வுக்குக் கட்டுக்கட்டாக ஆவணம் போக வேண்டும். நம் மாத்திரையும் மூல நிறுவனத்தின் மாத்திரையும் இரத்தத்தில் ஒரே அளவில் ஏறுகின்றன என்று காட்ட வேண்டும். அந்த ஒப்பீடு 80க்கும் 125 விழுக்காட்டுக்கும் நடுவில் அடங்க வேண்டும். காப்புரிமை எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்த்துவைத்து, அதற்கு முன்பே எல்லாவற்றையும் முடித்திருக்க வேண்டும். தேதியைத் தவறவிட்டால் போட்டிக்காரன் முதலில் கடைக்குப் போய்விடுவான்.

ஒன்றை மட்டும் மகளிடமும் அவள் அம்மாவிடமும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இந்தப் படிப்பு படித்தால் ஃபார்மசிஸ்ட் ஆக முடியாது. அது தனிப் பட்டம், 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனிப் பதிவு, அதற்குப் பிறகு பயிற்சிக் காலம். மருந்துக் கடை வைக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். வேதியியலாளருக்கு 1975ஆம் ஆண்டு வேதியியலாளர் சட்டமும் மலேசிய வேதியியல் கழகமும் இருக்கின்றன. ஆய்வக அறிக்கையில் கையெழுத்துப் போடும் தகுதி அந்த உறுப்பினர் பதிவில்தான் வருகிறது. ஆகவே தனியார் பல்கலைக்கழகத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி கட்டணம் அல்ல. "இந்தப் பட்டத்தை வேதியியல் கழகம் ஏற்கிறதா? படிப்புகளின் தரத்தை அங்கீகரிக்கும் எம்.க்யூ.ஏ. பதிவேட்டில் இருக்கிறதா?" என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

என் மனசில் பட்டதைச் சொன்னால், அரசுப் பல்கலைக்கழக இடத்தை விட்டுவிடாதீர்கள். வேதியியலில் அடி பலமாக இருந்தால் மருந்துப் பாடத்தையும் வணிகப் பாடத்தையும் விருப்பப் பாடமாக மேலே அடுக்கலாம். அடி இல்லாமல் பெயரில் மட்டும் மருந்து இருந்தால் நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். தனியாரிலும் ஒழுங்கான படிப்புகள் இருக்கின்றன: கம்பாரில் உத்தாரின் வேதியியல், புக்கிட் ஜாலிலில் ஐ.எம்.யு.வின் மருந்து வேதியியல். ஆனால் பி.டி.பி.டி.என். என்ற அரசுக் கல்விக் கடன் வாங்கி அந்தக் கட்டண வித்தியாசத்தைக் கட்டும் அளவுக்கு இந்த விஷயத்தில் பலன் இருக்கிறதா என்றால், எனக்கு இல்லை என்றுதான் படுகிறது. எங்கே போனாலும், தொழிற்பயிற்சியை உறவுக்காரர் கடையில் கையெழுத்து வாங்கி முடிக்காமல், மருந்துத் தொழிற்சாலையில் செய்யச் சொல்லுங்கள். எனக்கு முதல் வேலை அந்தப் பயிற்சி தந்ததுதான்.

சேரும்வரை அவள் சும்மா இருக்க வேண்டாம். புரத உருவங்களைச் சேர்த்துவைக்கும் புரோட்டீன் டேட்டா பேங்க் 1971இலிருந்து இருக்கிறது, இரண்டு லட்சத்துக்கு மேல் உருவங்கள், எல்லாம் இலவசம். மருந்து புரதத்துக்குள் எவ்வளவு நன்றாகப் பொருந்தும் என்று கணக்குப் போட்டு மதிப்பெண் கொடுக்கும் ஆட்டோடாக் வீனா என்ற மென்பொருளும் இலவசம். பழைய லேப்டாப் போதும். ஏ.சி.இ. உருவத்தை இறக்கி, நடுவில் அந்தத் துத்தநாகத்தைத் தேடிப் பிடித்து, பெரிண்டோப்ரிலை உள்ளே பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். உடம்புக்குள் போன பிறகு சட்டை கழன்ற வடிவத்தைத்தான் பொருத்த வேண்டும். அதை அவளே கண்டுபிடிக்கட்டும். கம்ப்யூட்டர் கொடுக்கும் மதிப்பெண்ணை மட்டும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். மூலிகைப் பெயர் ஒன்றைப் போட்டு அந்த மதிப்பெண்ணைக் காட்டி, நோய்க்கு மருந்து கண்டுவிட்டோம் என்று எழுதும் இளங்கலை ஆய்வுகளைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பூத்துவிட்டது.

வருகிற மாதம் கடைசி ஞாயிறு அம்மாவைப் பார்க்க ஊருக்கு வருகிறேன். இரண்டு கடிதங்களையும், அந்தத் தனியார் படிப்பின் மூன்று வருடப் பாட அட்டவணையையும் எடுத்துக்கொண்டு மகளோடு வாருங்கள். வண்ணப் புத்தகம் வேண்டாம். எத்தனை மணி நேரம் ஆய்வகம் என்று எழுதியிருக்கும் பக்கம் மட்டும் போதும்.